கார்டு அடித்துவிட்டு உள்ளே வரவும்

“செருப்ப அப்புறம் கழட்டலாம், மொதல்ல கார்ட அடிங்கண்ணே” என்று சொல்லி, என் தங்கை சந்திரமதி நீளமான மஞ்சள் அட்டை ஒன்றை என் கையில் வைக்கிறாள். வாசலுக்கு உள்பக்கம், சுவரோரம் ஒரு பெரிய மரப்பெட்டிக் கடிகாரம் நிற்கிறது. அதன் துவாரத்தில் அட்டையை இறக்கிப் பக்கத்திலுள்ள கைப்பிடியை அழுத்துகிறேன். உள்ளே ‘டிங்’ என்று மணி அடிக்கிறது. அட்டையை எடுத்துப் பார்த்தால் நான் வந்த மணியும் நிமிடமும் நீல மையில் பதிந்திருக்கின்றன. அட்டையின் தலையில் ‘அண்ணன், வருகை’ என்று அவள் கையெழுத்து. அதை ‘உள்ளே’ என்று எழுதிய மரச்சட்டத்தில் செருகிய பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வருகிறது. “வாங்கண்ணே, நல்லாருக்கீங்களா?”

இது தொழிற்சாலை வாசல் அல்ல. மலாக்கா காஜா பேராங் சாலையைப் பார்த்தபடி, தகரக் கூரை போட்டு இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் உள்ள வாடகை வீடு. அதில் இருப்பவர்கள் சந்திரமதி, அவள் கணவர் சுப்பையன், நான்கு பிள்ளைகள். ஆலைகளில் கூலியாட்கள் வரும் நேரமும் போகும் நேரமும் அட்டையில் அடிப்பார்களே, அந்தக் கடிகாரம் இந்த வீட்டில் நான்கு வருடமாக ஓடுகிறது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. நடக்கும்போது புடவை எப்போதும் அவளுக்கு அரை அடி பின்னால்தான் வரும். மற்றப் பெண்கள் தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டியிருப்பார்கள். அவள் கடிகாரச் சாவியை மாட்டியிருக்கிறாள். வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, அந்தச் சாவியால் பதினாறு திருகு திருகுவாள். பதினேழாவது திருகினால் சுருள்வில் தெறித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எதிர்க் கோப்பிக் கடை ரேடியோவில் செய்தி தொடங்கும்போது மணியைச் சரிபார்ப்பதும் உண்டு. ஒருநாள் இரண்டுக்கும் அரை நிமிடம் வித்தியாசம் இருந்தது. கடிகாரத்தைத் திருத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கடைக்காரரிடம் போய், “ஒங்க ரேடியோ லேட்டா ஓடுது” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் அவள் ஒரு ரப்பர் ஆலையில் வேலை பார்த்தாள். வாசலில் நின்று ஆட்களுக்கு அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் எண்ணும் மனப்பாடம். கல்யாணத்துக்காக வேலையை விட்டபோது, “உனக்கு என்ன பரிசு வேண்டும்?” என்று ஆலைத் துரை கேட்டார். சேலையோ குத்துவிளக்கோ கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். ஆலைக்கு அப்போது புதுக் கடிகாரம் வந்திருந்தது. இவள் பழையதைக் கேட்டாள். எடை எழுபத்தெட்டு ராத்தல். கல்யாணத்தன்று அதைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். மணமகன் சுப்பையன் அதைப் பார்த்துவிட்டு, “மச்சான், இது பீரோவா?” என்று கேட்டார். “ஆமா மாப்ள, ஒரு மாதிரி பீரோதான்” என்றேன். அன்றைக்கு வேறு பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அது வெகுகாலம் கோணிச் சாக்குக்குள்தான் கிடந்தது. மூன்றாவது பிள்ளை கோகிலாவுக்கு மூன்று வயதில் நிமோனியா வந்தபோது வெளியே வந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் வேறு கடிகாரம் இல்லை. சந்திரமதி சாக்கை அவிழ்த்தாள். ஒவ்வொரு முறை மருந்து கொடுத்ததும் ஓர் அட்டையில் அடித்தாள். ஆறு நாளில் முப்பத்தாறு பதிவு, ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. குழந்தை பிழைத்தது. கடிகாரத்தை மறுபடி சாக்குக்குள் வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

சிவப்பு என்று சொன்னேன் அல்லவா? குறித்த நேரம் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் நாடா தானாக நகர்ந்து சிவப்பு மையில் அடிக்கும். “என்னையக் கொற சொல்லாதீங்க. மிஷின் சொல்லுது” என்பாள். சிவப்பு விழுந்தவர் அன்று மாலை கிணற்றில் பத்து வாளித் தண்ணீர் இறைக்க வேண்டும். மூத்தவன் ஜெயபாலனுக்குப் பன்னிரண்டு வயதுதான், தோள்கள் பதினாறு வயதுப் பையனுடையவை.

பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகள் நான்கு பேரும் முந்தின இரவே பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். காலையில் நான்கு நிமிடம் மிச்சம். சட்டை கசங்கக் கூடாது என்பதால் யாரும் புரளக் கூடாது. மல்லாந்து, கைகளைப் பக்கத்தில் வைத்து, வரிசையாகத் தூங்குவார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் குனிந்து ஒவ்வொருவருக்கும் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். தோசை சுடும்போது ஒரு பக்கம் வேக எத்தனை விநாடி என்று அவளுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் சடையில் மூன்று பின்னல் போட்டுவிட்டுத் திரும்புவாள். தலைமுடியில் தோசை வாசம் இருக்கிறது என்று பள்ளியில் யாரோ கேலி செய்தார்களாம். “பசிக்குது போல அவங்களுக்கு” என்று முடித்துவிட்டாள்.

ஒருநாள் கேட்டேன்: “இவ்வளவு நேரத்த மிச்சம் புடிச்சு என்னம்மா செய்ற?”

“அடுத்த வேலைய செய்வேன்.”

“அதுலயும் மிச்சம் புடிச்சா?”

“அதுக்கு அடுத்தது. வேல எங்கண்ணே முடியுது?”

சட்டத்தில் அவளுக்கு மட்டும் அட்டை கிடையாது. அதையும் கேட்டேன். “எனக்கு எதுக்கு? நான் எங்க போறேன்?” என்றாள்.

என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற பெண், ஒரு குடும்பத்தை இத்தனை ஒழுங்காக நடத்துவதை இந்த ஊரில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குறை என்று ஒன்று சொன்னால், அவளுக்கு வாய்த்த கணவர் சாலை உருளை ஓட்டுபவர்.

சுப்பையன் நல்ல மனிதர். நகரசபையில் வேலை. அவர் ஓட்டும் ரோலரைச் சும்மா காலாற நடப்பவன்கூட முந்திவிடலாம். பதினெட்டு வருடம் அதன்மேல் உட்கார்ந்து அவருக்கும் அந்த நடை வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போடலாம். வீட்டில் அதிகச் சிவப்பு அவருடைய அட்டையில்தான் இருக்கும். ஆனால் முணுமுணுக்காமல் தண்ணீர் இறைப்பார், சென்ற மாதம் இருபதாம் தேதி வரையில்.

அன்று திங்கட்கிழமை. பண்டார் ஹீலிர் திடலில் மலாயாவின் விடுதலைக்கு நாள் குறித்து அறிவித்தார்கள். ஊரே அங்கே போயிற்று. சுப்பையனும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் சிக்கி, சைக்கிளைத் தேடிக் கண்டுபிடித்து, பகல் பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பிட வர வேண்டியவர் இரண்டு பதினேழுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். சட்டையெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சந்தோஷம். அட்டையை அடித்தார். சிவப்பு.

“சந்திரா, சுதந்திரம் குடுக்கப் போறாங்க” என்றார்.

“எப்ப?”

“அடுத்த வருஷம். ஆகஸ்டு முப்பத்தொண்ணு.”

“அது அடுத்த வருஷம். இன்னிக்கிப் பத்து வாளி.”

சுப்பையன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் பேசியதுதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக வேகமான பேச்சு. “நாடே தலைய நிமுத்துற நாளுல நான் மட்டும் குனிஞ்சு தண்ணி எறைக்கணுமா? நான் இந்த வீட்டுல புருஷனா, நாள்கூலியா?”

“சிவப்பு விழுந்தா எறைக்கணும். இதுல புருஷன் என்ன, கூலி என்ன?”

அவர் வாசலைத் தாண்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புக்கிட் ரம்பாயில் இருக்கும் அவருடைய அண்ணன் அப்பாசாமி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மறுநாள் தெரிந்தது. போனவர் அட்டையை அடிக்கவில்லை. அவருடைய அட்டை ‘உள்ளே’ சட்டத்திலேயே இருந்தது.

இந்த இடத்தில் என் தங்கையை வாசகர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவள் அழவில்லை, புலம்பவில்லை. மறுநாள் பகல் பன்னிரண்டு நாற்பதுக்குச் சுப்பையனின் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, தண்ணீர் வைத்தாள்.

“யாருக்கும்மா?” என்றேன்.

“அவருக்கு.”

“அவருதான் போயிட்டாரே.”

“வெளிய அடிக்கலையே. கார்டு உள்ளதான இருக்கு? அப்ப வீட்டுலதான் இருக்காரு.”

அரை மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்தாள். “பசிக்கல போல” என்று சொல்லி என் பக்கம் நகர்த்தினாள். சோற்றை வீணாக்கக் கூடாது என்பதால் சாப்பிட்டேன். அப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு எனக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்தது. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். ஜெயபாலனின் பள்ளி அறிக்கையில் தகப்பனார் கையெழுத்து வேண்டியிருந்தது. “அப்பா வீட்டுலதான் இருக்காரு சார், ஆனா பாக்க முடியாது” என்று அவன் ஆசிரியரிடம் சொன்னானாம். சுப்பையனுக்குக் கடும் வைசூரி என்று பள்ளிக்கூடத்தில் பேச்சாகி, அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இதற்கு நடுவில் நகரசபை ஒரு வேலை செய்தது. காஜா பேராங் சாலையில் புதுக் கல் கொட்டினார்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ரோலர் சந்திரமதி வீட்டுப் பக்கம்தான். அதை ஓட்டியவர் சுப்பையன். வீட்டைக் கோபித்துக்கொண்டு போன மனிதர் காலை முதல் மாலை வரை அதே வீட்டின் முன்னால் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒரு நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிடலாம். ரோலரில் அது முடியாது. வேலி தொடங்கி வேலி முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் நேராகச் சாலையைப் பார்த்தபடி கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். திரும்பி வரும்போது மறுபடி இரண்டு நிமிடம். கோகிலா வேலியில் ஏறி நின்று கையாட்டினாள்.

“எறங்குடி. வேல நேரத்துல பேச்சுக் குடுக்கக் கூடாது” என்றாள் சந்திரமதி.

பக்கத்து வீட்டு மீனாச்சி அம்மாள் மலாக்காச் செட்டி வம்சம். நெற்றி நிறைய விபூதி, பேச்சு முழுக்க மலாய். அவர் வேலிக்கு அப்பாலிருந்து, “சுப்பையன் மானா?” என்றார். எங்கே என்று கேட்கிறார்.

“அடா டி டாலாம்” என்றாள் சந்திரமதி. உள்ளே இருக்கிறாராம்.

மீனாச்சி அம்மாள் சாலைப் பக்கம் விரலை நீட்டினார். “இத்து சியாப்பா?” அப்படியானால் அது யார்?

“இத்து ஒராங் ரோலர்.”

ரோலர்காரர் என்று கேட்டதும் மீனாச்சி அம்மாள் ரோலரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் புக்கிட் ரம்பாய் போனேன். அப்பாசாமி வீட்டுத் தென்னை மரத்தடியில் சுப்பையன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

“மாப்ள, வாங்க போகலாம்.”

“அந்த மிஷின் இருக்குற வீட்டுக்கு வரமாட்டேன் மச்சான்.” வெகுநேரம் கழித்து, “அவ என்ன சொல்றா?” என்றார்.

“நீங்க வீட்டுலதான் இருக்கீங்கன்னு சொல்றா.”

அவர் யோசித்தார். ஒரு தேங்காய் விழுந்தது. “சாப்புட்டேனா?”

“பசிக்கல போலன்னு சொன்னா.”

“நேத்து என்ன கொழம்பு?”

“கருவாட்டுக் கொழம்பு.”

“நல்லா இருந்துச்சா?”

இருந்தது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் வரவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. மாதத்தின் கடைசி நாள் பழைய அட்டைகளை முடித்து, அடுத்த மாதத்துக்குப் புது அட்டை எழுதுவது அவள் வழக்கம். உள்ளே வந்த ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் வெளியே போன பதிவு இருந்தால்தான் அட்டை முடியும். இது லீப் வருடம் என்பதால் ஒரு நாள் அதிகம் கிடைத்தது. அந்த இருபத்தொன்பதாம் தேதி காலையில் பிள்ளைகளின் மார்ச் அட்டைகளை எழுதினாள். ஐந்தாவது வெற்று அட்டையை எடுத்தாள். பேனாவை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் மை சொட்டி ஊறியது.

“பழைய கார்ட முடிக்காம புதுக் கார்டு போட முடியாதுண்ணே” என்றாள்.

“பேசாம நீயே அடிச்சு முடிச்சிடேன்.”

அவள் என்னை முறைத்தாள். அடுத்தவர் அட்டையை அடிப்பது ஆலையில் வேலையை விட்டுத் தூக்கும் குற்றம்.

“அவருதான் அடிக்கணும்” என்று எழுந்தாள். “ஒரு லோரி பாருங்க.”

மாலை நான்கு மணிக்குத் தேங்காய் ஏற்றப் போகும் லோரி ஒன்றில் கடிகாரத்தை ஏற்றினோம். நிறுத்தாமல் ஓடிக்கொண்டே வர வேண்டும் என்றாள். அதனால் நானும் அவளும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே ‘டிங்’ என்றது. பிள்ளைகளை மீனாச்சி அம்மாளிடம் விட்டிருந்தோம். கடிகாரம் போய்விட்டதால், தாங்கள் வீட்டுக்கு உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று தெரியாமல் நால்வரும் வாசற்படியிலேயே நின்றார்கள்.

அப்பாசாமியின் முற்றத்தில் கோழிக் கூண்டின்மேல் கடிகாரத்தை இறக்கினோம். கோழிகள் கத்தின. அப்பாசாமியும் அவர் மனைவி பூங்காவனமும் ஓடி வந்தார்கள். சுப்பையன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது, குடிய மாத்துறியா?” என்றார் அப்பாசாமி.

“ரெண்டு நிமிஷம் மாமா.” கணவர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, இன்னிக்கி மாசக் கடைசி. ஒங்க கார்டு முடியாம கெடக்கு. வெளிய போனவரு அடிக்காம போயிட்டீங்க. அடிச்சுக் குடுத்திடுங்க. நான் சோறு வைக்கிறத நிறுத்தணும்ல.”

“அடிச்சா என்ன ஆவும்?” என்று பூங்காவனம் கேட்டார்.

“வெளிய போயிட்டாருன்னு ஆவும்க்கா.”

“அப்புறம்?”

“அப்புறம் மார்ச்சுக்கு அவருக்குக் கார்டு கெடையாது.”

பூங்காவனம் வாயில் கை வைத்தார். அப்பாசாமி தம்பியின் முகத்தைப் பார்த்தார். “சும்மா வெளயாட்டுக்குச் சொல்றா” என்று நான் சொல்வேன் என்பதுபோல என்னையும் பார்த்தார்.  அவள் விளையாட்டுக்குச் சொல்பவள் அல்ல.

சுப்பையன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையை வாங்கினார். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசிச் சிவப்பில், இரண்டு பதினேழில், கண் நின்றது.

“இப்ப அடிச்சா இன்னிக்கித் தேதிதான விழும்?”

“ஆமா.”

“அப்ப இந்த ஒம்போது நாளும் நான் வீட்டுல இருந்ததா ஆவுமே?”

“இருந்தீங்கல்ல?”

“இருந்தேனா?”

“கார்டுல அப்படித்தான் இருக்கு.”  கடிகாரக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். “சீக்கிரம் அடிங்க. லோரிக்காரரு நிக்கிறாரு.”

சுப்பையன் அட்டையை நேராகப் பிடித்தார். கோபமா, பிடிவாதமா, அவர் முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ரோலரை நகர்த்தும் அதே நிதானத்தில் அட்டையைத் துவாரத்துக்குக் கொண்டுபோனார். இன்னும் ஓர் அங்குலம்தான் இருந்தது. சந்திரமதி வேறெங்கோ, தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பார்த்தபடி வலது கையை நீட்டி, உள்ளங்கையால் துவாரத்தை மூடிக்கொண்டாள். அட்டையின் முனை அவள் புறங்கையில் முட்டி நின்றது.